காணொளிக் கோப்புகளை டிவிடி பிளேயரில் ஓடும் வட்டாக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசியிலோ கேமராவிலோ பதிவு செய்து கணினியில் சேர்த்து வைத்திருக்கும் காணொளிகளை, தொலைக்காட்சியோடு இணைத்த சாதாரண டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டிருக்கிறது. கணினி பழகாத பெரியவர்களுக்கு, வட்டைச் செருகி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்துவது இன்றும் மிக எளிய வழிகளுள் ஒன்று. இவ்வேலையில் நேரும் தோல்விகளில் பல, எந்த வகை வட்டு வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்பே கோப்பை மாற்றத் தொடங்கிவிடுவதால் வருபவை. ஆகவே முதல் சில விடைகளைப் படித்த பிறகே மென்பொருளைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணினியில் நன்றாக ஓடும் கோப்பை அப்படியே வட்டில் பதிந்தால் பிளேயரில் ஏன் ஓடுவதில்லை?

டிவிடி பிளேயருக்குள் இருக்கும் சில்லு, குறிப்பிட்ட சில வடிவங்களை மட்டும் படிக்கும்படி ஆலையிலேயே அமைக்கப்பட்டது. முதல் டிவிடி பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அப்போது வகுக்கப்பட்ட தரம் எம்பெக்-2 என்ற சுருக்க முறையை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய கைப்பேசிகள் பயன்படுத்தும் எச்.264 முறை 2003-இலும், எச்.265 முறை 2013-இலும் வெளியாயின. கணினியில் புதிய முறை வந்தால் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்கிறோம். பிளேயருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், கோப்புதான் பிளேயருக்கு ஏற்ப மாற வேண்டும்.

இரண்டாவது காரணமும் உண்டு. கோப்பை வட்டில் நகலெடுத்தால் கிடைப்பது தரவு வட்டு. பிளேயர் எதிர்பார்ப்பதோ, குறிப்பிட்ட பெயருள்ள கோப்புறைக்குள் குறிப்பிட்ட பெயருள்ள கோப்புகள் குறிப்பிட்ட வரிசையில் அமைந்திருக்கும் டிவிடி-வீடியோ வட்டு. சுருக்க முறையைச் சரியாக மாற்றிவிட்டு இந்த அமைப்பை உருவாக்காமல் விட்டால், பெரும்பாலான பிளேயர்களில் அந்த வட்டு ஓடாது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எம்பி4 என்பதை அழித்து, டிவிடி வட்டின் கோப்பு வகையான விஓபி என்று மாற்றினால் போதாதா?

போதாது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி ஆகியவை பாத்திரங்கள். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டவை என்பதைப் பாத்திரத்தின் பெயர் சொல்வதில்லை. ஒரே ஏவிஐ என்ற பெயரில் ஒரு கோப்பில் டிவ்எக்ஸ் (DivX) முறையிலும், இன்னொன்றில் பழைய நாடாக் கேமராக்களின் டிவி (DV) முறையிலும், மற்றொன்றில் எச்.264 முறையிலும் படம் இருக்கலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் சுருக்க முறை, படத்தின் அகல உயரம், ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம் (தனிப்படம்), ஒலியின் வகை ஆகிய அனைத்தையும் அது காட்டும். எந்தக் கோப்பை மாற்றுவதற்கு முன்பும் இந்த விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. கீழே வரும் பல முடிவுகளுக்கு அவை தேவைப்படும்.

எந்த வகை வட்டைத் தேர்ந்தெடுப்பது?

பிளேயரின் முகப்பில் அச்சிட்டிருக்கும் சின்னங்களைப் பாருங்கள். டிவிடி சின்னம் மட்டும் இருந்தால் டிவிடி-வீடியோ வட்டுதான் பொருத்தம். டிவ்எக்ஸ் சின்னம் இருந்தால், எம்பெக்-4 பகுதி 2 முறையில் சுருக்கிய ஏவிஐ கோப்புகளைத் தரவு வட்டிலிருந்தே அது ஓட்டும். ஒரே வட்டில் பல மணிநேரக் காட்சிகளை வைக்க இது உதவும். ஆனால் கால் பிக்சல் துல்லியம், முழுப்பட நகர்வு ஈடு போன்ற உயர்நிலை வசதிகளைச் சேர்த்து உருவாக்கிய ஏவிஐ கோப்புகள் பல பிளேயர்களில் திணறும். அவற்றை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். புளூ-ரே பிளேயராக இருந்தால் எச்.264 முறையையே அது படிக்கும். அந்த நிலையில் டிவிடியின் சிறிய பரிமாணத்துக்குப் படத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

விசிடி என்பதும் ஒரு வழி. 352×288 பிக்சல் படத்தை எம்பெக்-1 முறையில் வினாடிக்கு 1150 கிலோபிட் அளவில் வைக்கும் அந்தத் தரம் 1993-இல் வந்தது. சாதாரண 80 நிமிடக் குறுவட்டில் ஏறத்தாழ 80 நிமிடக் காட்சி அடங்கும். டிவிடி எழுதும் கருவி இல்லாதபோது மட்டுமே இதை நாட வேண்டும் என்பது என் கருத்து. படத்தின் நுட்பம் பெரிதும் குறைந்துவிடும்.

வட்டு யார் வீட்டுப் பிளேயரில் ஓடப்போகிறது என்று தெரியாத நிலையில், டிவிடி-வீடியோவைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். இனி வரும் விடைகள் அதைப் பற்றியே பேசுகின்றன.

டிவிடி-வீடியோ தரம் சரியாக எவற்றைக் கேட்கிறது?

படம் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும். பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று தொலைக்காட்சி முறைகள் இரண்டு. பரிமாணம் பால் முறையில் 720×576, என்டிஎஸ்சி முறையில் 720×480. முன்னதில் வினாடிக்கு 25 பிரேம், பின்னதில் 29.97. படத்தின் பிட் வீதம் (ஒரு வினாடிக் காட்சிக்குச் செலவாகும் தரவின் அளவு) எந்தக் கணத்திலும் வினாடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. படம், ஒலி, வசன வரிகள் அனைத்தும் சேர்ந்து 10.08 மெகாபிட்டுக்குள் அடங்க வேண்டும். இந்த மேல்வரம்பு வரை ஏற்றுவது தரத்தின்படி சரியே என்றாலும், வீட்டில் பதிந்த வட்டுகளை ஆலையில் அச்சிட்ட வட்டுகளைப் போல் எளிதாகப் பிளேயர்களால் படிக்க முடிவதில்லை. ஆதலால் 8 மெகாபிட்டோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

ஒலிக்கு டால்பி டிஜிட்டல் எனப்படும் ஏசி-3, சுருக்கப்படாத பிசிஎம், எம்பி2 ஆகியவை செல்லும். கைப்பேசிக் காணொளிகளில் வழக்கமாக இருக்கும் ஏஏசி ஒலி செல்லாது, எம்பி3-உம் செல்லாது. மாதிரி வீதம் 48,000 ஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும். குறுவட்டுப் பாட்டிலிருந்து எடுத்த ஒலி 44,100 ஹெர்ட்ஸ் என்பதால் அதையும் மாற்றியாக வேண்டும். எம்பி2 ஒலியை என்டிஎஸ்சி பிளேயர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்ற விதி இல்லை. பிசிஎம் ஒலி வினாடிக்கு 1536 கிலோபிட் இடத்தைத் தின்றுவிடும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், 192 அல்லது 224 கிலோபிட் அளவில் இரட்டைத் தட ஏசி-3 ஒலியே எங்கும் ஓடுவது.

மாற்றிய பிறகு வட்டின் அமைப்பு உருவாக்கப்பட வேண்டும். வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் மூன்று வகைக் கோப்புகள் வரும்: படமும் ஒலியும் அடங்கிய விஓபி, வழிகாட்டும் விவரங்கள் அடங்கிய ஐஎஃப்ஓ, அதன் காப்பு நகலான பியூபி. ஒரு விஓபி கோப்பு 1 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பதால் நீண்ட காட்சி பல துண்டுகளாகத் தெரியும். அது பிழையன்று, பிளேயர் அவற்றை இடைவெளியின்றித் தொடர்ந்து ஓட்டும்.

பால் முறையா, என்டிஎஸ்சி முறையா?

முதலில் வட்டைப் பார்க்கப்போகும் இடத்தில் எந்த முறை வழக்கில் உள்ளது என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். பால் முறை வழங்கும் இடங்களில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் என்டிஎஸ்சி வட்டுகளையும் ஓட்டும். மறுதிசையில் அந்தத் தாராளம் குறைவு: என்டிஎஸ்சி பகுதிகளில் விற்ற பிளேயர்கள் பல, பால் வட்டை ஏற்க மறுக்கும். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ மேலும் கீழுமாக உருண்டாலோ, வட்டின் முறையும் தொலைக்காட்சியின் முறையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

இரண்டு முறைகளும் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால், மூலக் கோப்பின் பிரேம் வீதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். படத்தின் சீரான ஓட்டம் இதைப் பொறுத்தே அமைகிறது. கைப்பேசிகள் பல வினாடிக்கு 30 பிரேம் பதிவு செய்பவை. அதை 29.97 ஆக்குவது கண்ணுக்கே தெரியாத மாற்றம். அதே கோப்பைப் பால் முறைக்கு 25 பிரேமாகக் குறைக்கும்போது ஒவ்வொரு ஆறு பிரேமிலும் ஒன்று கழிகிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் வினாடிக்கு ஐந்து முறை சிறு குலுக்கல் தெரியும். மாறாக 25 அல்லது 50 பிரேம் கேமராவில் எடுத்தது பால் முறைக்கு இயல்பாகவே பொருந்தும்.

திரைப்பட வேகமான 24 பிரேம் கோப்பைப் பால் முறையில் 25 ஆக ஓட்டினால் எல்லாம் 4 சதவீதம் விரைவாகும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். ஒலியின் சுருதியும் சற்று உயரும் என்பதால், இசை முக்கியமான பதிவுகளுக்குச் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். என்டிஎஸ்சி முறையில் 23.976 பிரேமாகவே சேமித்து, பிளேயரே சில புலங்களை (ஒரு பிரேமின் ஒன்றுவிட்ட வரிகள் அடங்கிய பாதிகளை) மீண்டும் காட்டி 29.97 ஆக்கிக்கொள்ளும்படி குறியிட முடியும்.

ஒரு வட்டில் எவ்வளவு நேரக் காட்சி அடங்கும்?

எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம். தரம் அதற்கேற்பக் குறையும். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது மிக எளிது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்கு மென்பொருளின் ஊகங்களை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4,70,00,00,000 பைட். எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட், அதாவது 3,76,00,000 கிலோபிட். மெனுவுக்கும் அமைப்புக் கோப்புகளுக்கும் கட்டமைப்புச் செலவுக்கும் 4 சதவீதத்தைக் கழித்தால் ஏறத்தாழ 3,61,00,000 கிலோபிட் மிஞ்சும். இதைக் காட்சியின் மொத்த வினாடிகளால் வகுத்து, வரும் எண்ணிலிருந்து ஒலியின் பிட் வீதத்தைக் கழித்தால் படத்துக்குரிய சராசரிப் பிட் வீதம் கிடைத்துவிடும். இரண்டு மணிநேரம் என்றால் 7,200 வினாடி. வகுத்தால் சற்றேறக்குறைய 5,010. ஒலிக்கு 224 போனால் 4,800-க்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணிநேரத்துக்கு 6,400-உம், மூன்று மணிநேரத்துக்கு 3,100-உம் வரும். ஒரு மணிநேரத்துக்குக் கணக்குப்படி 9,800 வந்தாலும் மேலே சொன்ன காரணத்தால் 8,000-ஐத் தாண்ட வேண்டாம்.

என் அளவுகோலில் 5,000-க்கு மேல் நல்ல தரம். 4,000 வரை ஏற்கத்தக்கது. 3,000-ஐ நெருங்கும்போது நீர், இலைகள், கூட்டம், கையில் ஆடும் கேமரா போன்ற காட்சிகளில் சதுரக் கட்டங்கள் தெரியத் தொடங்கும். மேடையில் நின்று ஒருவர் பேசும் காட்சி இதைவிடக் குறைந்த வீதத்திலும் தாக்குப்பிடிக்கும். மூன்று மணிநேரத்தைத் தாண்டும் பதிவை இரண்டு வட்டுகளாகப் பிரிப்பதே சிறந்தது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டும் உண்டு. ஆனால் அடுக்கு மாறும் இடத்தில் சில பிளேயர்களில் படம் ஒரு கணம் நின்று ஓடும், சில பிளேயர்கள் அந்த வட்டையே ஏற்பதில்லை. ஒரே வட்டில்தான் வேண்டும் என்று கட்டாயம் இருந்தால், பரிமாணத்தை 352×576 ஆகக் குறைத்துவிடுங்கள். இது தரத்துக்கு உட்பட்ட அளவே. கட்டம் கட்டமாகச் சிதறும் கூர்மையான படத்தைவிட, சீரான சற்று மென்மையான படம் கண்ணுக்கு இதமானது.

சராசரி வீதம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மென்பொருளில் இருமுறைக் கடத்தல் வசதியைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை காட்சியை அளந்து, இரண்டாம் முறை கடினமான இடங்களுக்குக் கூடுதல் பிட்டும் எளிய இடங்களுக்குக் குறைந்த பிட்டும் அது பங்கிடும். நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; வீதம் குறைவான வட்டுகளுக்கு அந்தக் காத்திருப்பு வீண் போகாது.

வட்டின் மேல் 4.7 ஜிபி என்று இருக்கிறது, கணினி 4.38 என்று காட்டுகிறதே?

உற்பத்தியாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார்கள்; பல கணினிகள் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டாக எண்ணுகின்றன. வட்டில் குறைவு ஏதும் இல்லை.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

மெனுவும் வேண்டும், கட்டளைகளும் பழக்கமில்லை என்போருக்கு டிவிடிஸ்டைலர் பொருத்தமானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும், இலவசம். கோப்புகளை உள்ளே இழுத்துப்போட்டால், மாற்றுதல், அமைப்பை உருவாக்குதல், வட்டில் எழுதுதல் ஆகிய மூன்றையும் அதுவே செய்துவிடும். லினக்ஸ் பயனர்களுக்கு டெவீடீயும் உண்டு. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-இலும் கூடவே வந்த டிவிடி மேக்கர், விண்டோஸ் 8 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கட்டளை வரியில் வேலை செய்யத் தயங்காதவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக்குக்கு இணை இல்லை. அதில் பால் டிவிடியை இலக்காகக் குறிப்பிடும் ஒரே விருப்பத்தேர்வு பரிமாணம், பிரேம் வீதம், சுருக்க முறை, ஒலி அனைத்தையும் தரத்துக்கு ஏற்ப அமைத்துவிடும். இயல்பாக அது படத்துக்கு 6,000 கிலோபிட்டும் ஒலிக்கு 448 கிலோபிட்டும் எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் வந்த எண்களை அவற்றுக்குப் பதிலாகக் கொடுக்க மறக்கக் கூடாது. அதன் பின் டிவிடிஆதர் என்ற மென்பொருள் வீடியோ_டிஎஸ் அமைப்பைக் கட்டும். இம்க்பர்ன் அல்லது கே3பி அதை வட்டில் எழுதும்.

ஹேண்ட்பிரேக் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது டிவிடியிலிருந்தும் பிற கோப்புகளிலிருந்தும் எம்பி4, எம்கேவி, வெப்எம் கோப்புகளை உருவாக்குவது. டிவிடி-வீடியோ வட்டை உருவாக்கும் வேலையை அது செய்வதில்லை.

எதைப் பயன்படுத்தினாலும் ஒரு விதியைக் காக்க வேண்டும்: அசல் கோப்பிலிருந்து எம்பெக்-2-க்கு ஒரே ஒரு முறைதான் மாற்ற வேண்டும். கோப்பை முதலில் ஒரு செயலியில் எம்பி4 ஆக்கி, பிறகு இன்னொன்றில் ஏவிஐ ஆக்கி, கடைசியில் டிவிடி ஆக்கினால், ஒவ்வொரு படியிலும் நுட்பங்கள் கழிந்துகொண்டே போகும். கழிந்தவை திரும்பி வருவதில்லை.

படம் நீளமாகவோ ஒடுங்கியோ தெரிகிறது. ஏன்?

டிவிடி 4:3, 16:9 என்ற இரண்டு விகிதங்களை மட்டுமே அறியும். இரண்டுக்கும் சேமிக்கப்படும் பரிமாணம் ஒரே 720×576 தான். எந்த விகிதத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்பதை ஒரு குறி சொல்கிறது. அந்தக் குறி தவறினால் முகங்கள் ஒடுங்கும், அல்லது பருக்கும். அகலத்திரைக் காட்சிக்கு 16:9 என்று மென்பொருளில் குறிப்பிட்டுவிட்டு, பிளேயரின் அமைப்பிலும் தொலைக்காட்சியின் வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பாதிப் புகார்கள் பிளேயரின் அமைப்பை மாற்றியவுடன் தீர்ந்துவிடுபவை.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த செங்குத்துக் காட்சி, 16:9 திரையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே நிரப்பும். இருபுறமும் கறுப்புப் பட்டைகள் வரும். அதை இழுத்து நிரப்ப முயல வேண்டாம். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சிறிது மறைத்துவிடும் என்பதால், தலைப்பெழுத்துகளை ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைப்பது வழக்கம்.

தொடக்கத்தில் சரியாக இருக்கும் ஒலி, போகப் போகப் படத்திலிருந்து விலகிவிடுகிறதே?

கைப்பேசிக் கோப்புகளில்தான் இது அதிகம். வெளிச்சம் குறையும்போது கைப்பேசி தானாகவே பிரேம்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். 30 என்று சொன்ன கோப்பில் சில வினாடிகளில் 30-உம் சிலவற்றில் 24-உம் இருக்கும். டிவிடிக்கு மாறாத வீதம் வேண்டும். வீதம் மாறாதது என்று கருதி மென்பொருள் வேலை செய்தால், ஒவ்வொரு நிமிடமும் சிறிது சிறிதாக விலகல் சேரும். மீடியாஇன்ஃபோவில் பிரேம் வீதம் மாறுவது என்று காட்டினால், மாறாத வீதத்துக்கு மாற்றும் விருப்பத்தேர்வை மாற்றத்தின்போதே இயக்குங்கள். விலகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருந்தால் காரணம் வேறு: ஒலித்தடம் தாமதமாகத் தொடங்குகிறது. அந்தத் தாமதத்தை மில்லிவினாடியில் ஈடு செய்தால் போதும்.

தமிழ் வசன வரிகளை டிவிடியில் சேர்க்க முடியுமா?

முடியும். டிவிடியின் வசன வரிகள் எழுத்துகளாக இல்லாமல் படங்களாகச் சேமிக்கப்படுகின்றன. எனவே பிளேயருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. உருவாக்கும் கணினிக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒரு வட்டில் 32 வசனத் தடங்கள் வரை வைக்கலாம். இங்குதான் தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில எழுகின்றன. அவற்றுக்கு விளக்கம் கிடைப்பது அரிதாக இருப்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வசனக் கோப்பு யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒருங்குறித் தமிழாக இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வசனங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே படத்தில் வரும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, எல்லா மென்பொருள்களும் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரிந்தவை அல்ல. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் குறிகள் இருபுறமும் பிரிந்து அமர வேண்டும். கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு தவறான இடத்தில் விழும், அல்லது புள்ளியிட்ட வட்டம் தோன்றும். முழுக் கோப்பையும் மாற்றுவதற்கு முன் இவ்வகை எழுத்துகள் உள்ள ஒரு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அப்படித் தவறு வந்தால், வசனங்களைப் படத்தின் மேலேயே நிலையாகப் பதித்துவிடுவது உறுதியான மாற்றுவழி. எஃப்எஃப்எம்பெக் இதற்கு லிப்ஏஎஸ்எஸ் நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. அது தமிழைச் சரியாகக் கோக்கும். எம்பெக்-2-க்கு மாற்றும் அதே கட்டளையில் இதையும் சேர்த்துவிட்டால் கூடுதல் மாற்றமோ தர இழப்போ இல்லை. ரிமோட்டில் வசனங்களை அணைக்க முடியாது என்பது மட்டுமே குறை.

எழுத்துருவின் தேர்வும் முக்கியம். தனி வசனத் தடத்தில் ஒரே நேரத்தில் நான்கு நிறங்களே கிடைக்கும். அவற்றுள் ஒன்று வெளிப்படையான பின்னணிக்குப் போய்விடும். மெல்லிய கோடுகள் உடைந்து தெரியும் என்பதால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவின் தடித்த வடிவத்தைக் கறுப்பு விளிம்போடு பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் நான்கைந்து சொற்களுக்கு மேலும், ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேலும் வைத்தால் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

உயர்தரத்தில் எடுத்த படம் டிவிடியில் மங்கலாகத் தெரிவது என் தவறா?

தவறு இல்லை. 1920×1080 படத்தில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. 720×576 படத்தில் 4,14,720. சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 4கே படமாக இருந்தால் இருபதில் ஒன்று. இந்த இழப்பை எந்த மென்பொருளும் தவிர்க்க முடியாது.

ஆனால் தவிர்க்கக்கூடிய இழப்புகளும் உண்டு. உயர்தரப் படங்கள் பிடி.709 என்ற வண்ண வரையறையையும், டிவிடி பிடி.601 வரையறையையும் பின்பற்றுகின்றன. இடையே மாற்றாமல் விட்டால் பச்சையும் தோல் நிறமும் சற்றுப் பிசகும். வினாடிக்கு 50 பிரேம் எடுத்த காட்சியை 25 ஆகக் குறைக்காமல், பின்னல் முறையில் (இரண்டு புலங்களை ஒரு பிரேமாகப் பின்னி) 50 புலங்களாக வைத்தால் ஓட்டத்தின் மென்மை அப்படியே காக்கப்படும். இதில் மேல்புலம் முதலா கீழ்ப்புலம் முதலா என்ற வரிசையைத் தவறாகக் குறித்தால், அசையும் பொருள்கள் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். பழைய டிவி (DV) முறைக் கேமரா நாடாக்களிலிருந்து எடுத்தவை கீழ்ப்புலம் முதலாக இருக்கும் என்பதை நினைவில் வைக்கவும்.

எந்த வெற்று வட்டை வாங்குவது, எவ்வளவு வேகத்தில் எழுதுவது?

பழைய பிளேயர்களுக்கு டிவிடி-ஆர் வட்டே அதிகம் ஒத்துப்போகிறது. டிவிடி+ஆர் வட்டைப் பயன்படுத்தினால், வட்டின் வகைக்குறியை டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதும் வசதியை உங்கள் எழுதுகருவி தருகிறதா என்று பாருங்கள். பிளேயர் அதை ஆலை வட்டாகவே கருதிப் படிக்கும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புபவை என்பதால் சில பிளேயர்களில் ஓடா. ஓடும் பிளேயர் கையில் இருந்தால், சோதனைப் பதிப்புகளுக்கு அவற்றைவிடச் சிக்கனமானது இல்லை.

4 மடங்கு அல்லது 8 மடங்கு வேகம் போதும். 4 மடங்கில் முழு வட்டு 14 நிமிடத்தில் முடியும். எழுதும் நேரத்தில் கணினியில் வேறு கனமான வேலை வேண்டாம். வட்டை இறுதிசெய்யும் (இனி எதையும் சேர்க்க முடியாதபடி மூடும்) தேர்வும், எழுதியதைச் சரிபார்க்கும் தேர்வும் இயக்கத்தில் இருக்கட்டும். மேற்பரப்பில் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். சுழலும்போது சமநிலை குலையும். வட்டுக்கென விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதினால் போதும்.

கணினியில் ஓடும் வட்டு, பிளேயரில் பிழை காட்டுகிறது. எங்கிருந்து தேடுவது?

முதலில் இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கு ஓடினால் வட்டின் வகையோ முதல் பிளேயரின் லேசரோ காரணம். வேறு நிறுவன வட்டில், குறைந்த வேகத்தில் மீண்டும் எழுதிப் பாருங்கள். எங்குமே ஓடாவிட்டால் வட்டு இறுதிசெய்யப்பட்டதா என்றும், வீடியோ_டிஎஸ் கோப்புறை வட்டின் முதல் நிலையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோப்புறையை இன்னொரு கோப்புறைக்குள் வைத்து எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. விஎல்சி போன்ற மென்பொருள் அதையும் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடுவதால் கணினியில் இது வெளிப்படுவதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் பிட் வீதம் உச்சத்துக்குப் போயிருக்கலாம். மேல்வரம்பை 8 மெகாபிட்டாகக் கட்டிவிட்டு மீண்டும் மாற்றுங்கள். வட்டின் விளிம்புப் பகுதியில் மட்டும் தடுமாறினால் வட்டின் தரமே குற்றவாளி. படம் வந்து ஒலி வராவிட்டால், தடம் டிடிஎஸ் (எல்லாப் பிளேயரும் படிக்காத ஓர் ஒலி முறை) அல்லது எம்பி2 வகையில் அமைந்துவிட்டதா என்று பாருங்கள்.

பிளேயரில் யுஎஸ்பி துளை இருக்கிறதே, வட்டு எதற்கு?

துளை இருப்பதால் எல்லாக் கோப்பும் ஓடிவிடாது. பெரும்பாலும் டிவ்எக்ஸ் ஏவிஐ, எம்பெக் ஆகியவற்றோடு நின்றுவிடும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தமிழ் வசனக் கோப்பைத் தனியே வைத்தால் அநேகமாகக் கட்டங்களாகவே தெரியும். ஆகவே அங்கும் வசனங்களைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். உங்கள் பிளேயருக்கு இவை ஒத்துவந்தால் வட்டு தேவையில்லை.

வட்டு உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் பகுதிக் குறியீடு வைக்க வேண்டுமா?

வேண்டாம். நாமே உருவாக்கும் வட்டுகளுக்குப் பகுதித் தடை இல்லாத அமைப்பே இயல்பாக வரும். விலைக்கு வாங்கிய வட்டுகளில் உள்ள பூட்டை உடைத்து நகலெடுப்பது பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது. இங்கு சொன்னவை உங்கள் சொந்தப் பதிவுகளுக்கும், உரிமை பெற்ற கோப்புகளுக்கும் உரியவை.

வட்டு தயாரான பிறகு அசல் கோப்புகளை அழித்துவிடலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். வட்டில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குப் பிக்சல்களோடு மறுசுருக்கம் செய்யப்பட்ட பிரதி. அதிலிருந்து அசலை ஒருபோதும் மீட்க முடியாது. வீட்டில் எழுதும் வட்டுகளின் பதிவு அடுக்கு கரிமச் சாயத்தால் ஆனது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல அழிக்கும். விளிம்பைப் பிடித்தே எடுத்து, உறையில் இட்டு, நிமிர்த்தி, நிழலில் வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் அதை ஒரே சேமிப்பாக நம்பியிருக்கக் கூடாது. அசல் கோப்புகளை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வையுங்கள். கூடவே, எழுதுவதற்கு முன் உருவான ஐஎஸ்ஓ கோப்பையும் (முழு வட்டின் உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாகக் கொண்டது) பாதுகாத்தால், வட்டில் கீறல் விழும்போது மாற்றம் செய்யும் வேலை முழுவதையும் மீண்டும் தொடங்காமல் கால் மணிநேரத்தில் புதிய வட்டு ஒன்றை எழுதிக்கொள்ளலாம்.